கஞ்சித்தொட்டி பக்கத்திலிருந்து ஒரு கடிதம்

பழைய வண்ணாரப்பேட்டை,
ஞாயிறு இரவு

அன்புள்ள சேகர்,

முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். கொஞ்ச நாளைக்கு மாடிப்படி ஏறி வீரம் காட்டாதே. இங்கே எல்லோரும் நலம்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் சத்திரத்தை இடிக்கப் போகிறார்கள். இடித்துவிட்டு, பிளாட்பாரத்தில் படுப்பவர்களுக்கு மூன்று மாடியில் காப்பகம் கட்டுவதாகத் திட்டம். நாம் தாயம் ஆடிய திண்ணையில் பாதி ஏற்கெனவே இல்லை. மட்டப்பாவில், அதுதான் அந்தத் தட்டைக் கூரையில், அரசமரம் முளைத்து, வேர் உத்தரம் வரை இறங்கிவிட்டது.

செய்தி பரவியதும் பாரம்பரியக் கட்டடத்தைக் காப்பாற்றச் சொல்லி ஒரு மனு தெருவில் சுற்றியது. நானும் கையெழுத்துப் போட்டேன். அதோடு விட்டேனா? ராயபுரம் ஸ்டேஷன் 1856-லிருந்து நிற்கவில்லையா, அரண்மனைக்காரன் தெருவில் அன்னி பெசன்ட் பேசிய கோகலே மண்டபத்தை இடிக்க ஆரம்பித்தபோது கோர்ட்டுக்குப் போய்த்தானே தடுத்தார்கள் என்றெல்லாம் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். என் எழுத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, உனக்குத் தெரியும்.

போன வாரம் கல்யாண மண்டபத்தில் கூட்டம். பழைய கட்டடங்களைப் பழுது பார்க்கிற ஒரு பெண் இன்ஜினியர் வந்திருந்தார். சத்திரத்துக் கூரையிலிருந்து விழுந்த செங்கல் ஒன்றைக் கையோடு கொண்டுவந்து, எல்லோரிடமும் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். ரொம்பச் சன்னம்டா, கிட்டத்தட்ட பிஸ்கட் மாதிரி. தேக்கு உத்தரங்களுக்கு மேல் இதைச் செங்குத்தாக, சாய்வு வரிசையில் சுண்ணாம்பு வைத்து அடுக்குவார்களாம். மேலே பூசும் சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும். நடுவில் யாரோ புண்ணியவான் ஒழுகுகிறது என்று சிமெண்டைப் பூசியிருக்கிறார். உள்ளே இறங்கிய தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உத்தரம் உளுத்துப்போச்சு. சுவர் கல்லு மாதிரி இருக்கிறது, கூரையை மட்டும் மாற்றினால் போதும் என்றார். அப்புறம் சாதாரணமாக ஒன்று சொன்னார்: "இடிக்க வேண்டாம். பழுது பார்த்து, இதிலேயே அவங்களைத் தங்க வைக்கலாம். பின்கட்டில் கழிப்பறையும் சமையலறையும் புதுசா கட்டிக்கலாம்."

மண்டபம் கப்சிப். எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், மனுவைக் கொண்டுவந்த அதே மனிதர்: "அதுக்கு இடிச்சே தொலைக்கட்டும்."

அவர் கையெழுத்துக்குக் கீழே மூன்றாவது கையெழுத்து என்னுடையது.

நம் ஸ்டான்லி ஆஸ்பத்திரியை எங்கள் பாட்டி கடைசிவரை கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொன்னாள், நினைவிருக்கிறதா? ஹைதர் அலி படையெடுப்பு, பஞ்சம், ஊரை விட்டு ஓடிவந்த கூட்டம். 1782-ல் அவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய இடம்தான் மணியக்காரர் சத்திரம். வெள்ளைக்காரன் வாயில் அது 'மணிகார்' ஆனது. 1799-ல் அதை ஒட்டி வந்த சின்ன வைத்தியசாலைதான் வளர்ந்து இன்றைய ஸ்டான்லி. வீடில்லாதவன் வந்து படுக்கத்தான் நம் பக்கத்தில் சத்திரமே கட்டினார்கள். அவனை உள்ளே விடக்கூடாது என்பதற்காகச் சத்திரத்தின் பழமையைப் பேசிக்கொண்டிருந்தோம், நான் உள்பட.

கூட்டத்தில் பிளாட்பாரத்துக்காரர்கள் நாலு பேர் கடைசி வரிசையில் நின்றார்கள். உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. பிராட்வே பக்கம் பிளாட்பாரத்திலேயே பிறந்து, அங்கேயே பேத்தி எடுத்த ஒரு அம்மா மட்டும் பேசினார். "கண்ணகி நகருக்கு அனுப்பாதீங்க. அங்கேர்ந்து விடிகாலையில காசிமேட்டுக்கு மீன் எடுக்க எப்படி வர்றது? ஆம்பளைக்கு ஒரு எடம், பொம்பளைக்கு ஒரு எடம்னு பிரிச்சா என் புள்ள எங்க போவான்? கூரை பழசா இருந்தா இன்னா, புதுசா இருந்தா இன்னா? கதவு உள்ளாற தாப்பா போடற மாதிரி இருக்கணும்."

நகரத்தில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், வருஷம் முழுக்க, இருபத்து நாலு மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2010-லேயே சொல்லியிருக்கிறது. அதை எடுத்துச் சொல்லலாம் என்று எழுந்தேன். அந்தத் தாழ்ப்பாளுக்குப் பிறகு என்ன பேசுவது? உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது வேறு மனு எழுதியிருக்கிறேன்: இடிக்காதீர்கள், இவர்களையே உள்ளே வையுங்கள், குடும்பங்களைப் பிரிக்காமல். இதுவரை பதினோரு கையெழுத்து. அதில் ஒன்று என் மனைவியுடையது. அதுவும் சும்மா கிடைக்கவில்லை. "ராத்திரி நம்ம வாசல்ல நூறு பேர் நடமாடினா உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டாள். சட்டென்று பதில் வரவில்லை என்பதை உன்னிடம் மறைக்க மாட்டேன். எனக்கு இன்னொரு பயமும் உண்டு. மட்டப்பா போடத் தெரிந்த கொத்தனாரைத் தேடியே இரண்டு மழைக்காலம் போய்விடும். அதுவரை அந்த அம்மா எங்கே படுப்பார்? கட்டடமா ஆளா, ஒன்றுதான் என்று நிலைமை வந்தால் இடிக்கட்டும் என்றே சொல்வேன். அங்கே இன்னும் வரவில்லை.

உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். பள்ளிக்கூடம் முடிந்த வருஷம் உன் மாமா சத்திரத்துத் திண்ணையில் நம்மை நிறுத்தி எடுத்த போட்டோ உன்னிடம்தானே இருக்கிறது? பழைய கூரை எப்படி இருந்தது என்று அந்த இன்ஜினியர் கேட்கிறார். நம் மூஞ்சி இருக்கட்டும், பின்னால் தூணும் உத்தரமும் தெரிகிறதா பார். வாசல் நிலைக்கு மேல் ஒரு கல் உண்டு. அதில் இப்போது 'உபயம்' என்ற சொல் மட்டும்தான் தெரிகிறது, பேரைச் சுண்ணாம்பு மூடிவிட்டது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் படத்தில் பேர் படிக்கக் கிடைக்கலாம். கிடைத்தால் உடனே போன் பண்ணு.

அன்புடன்,
பாலு