கதிர்வீச்சுக்குப் பின் சிறுநீரகக் கண்காணிப்பு தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வயிற்றுப் பகுதியில் பெறும் கதிர்வீச்சு சிகிச்சை சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்பதை, 1950களிலேயே மான்செஸ்டர் மருத்துவர்கள் விந்தகப் புற்றுநோயாளிகளிடம் கண்டு விரிவாகப் பதிவு செய்துள்ளனர். இந்தப் பாதிப்பு உடனே தெரிவதில்லை. பெரும்பாலும் ஆறு மாதங்கள் முதல் ஓராண்டு கழித்தும், சிலருக்குப் பல ஆண்டுகளுக்குப் பிறகும், உயர் ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், கால் வீக்கம், ரத்தசோகை என வெளிப்படுகிறது. அதற்குள் புற்றுநோய் குணமாகிவிட்டது என்ற நிம்மதியில் நோயாளி தொடர் பரிசோதனையை நிறுத்தியிருக்கலாம். புதிதாகப் பார்க்கும் மருத்துவருக்கோ பழைய கதிர்வீச்சு பற்றித் தெரியாமலே போகலாம். எனக்கு மிகுந்த கவலை அளிப்பது இந்த இடைவெளிதான்.

இன்றைய சிகிச்சைத் திட்டமிடலில், இரு சிறுநீரகங்களும் பெறும் சராசரி கதிர்வீச்சு அளவை 18 கிரே (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்பதற்குக் கீழ் வைக்க முயல்கிறார்கள் என்பது ஆறுதல். ஆனால், எலும்பு மஜ்ஜை மாற்றத்துக்காக உடல் முழுவதும் கதிர்வீச்சு பெறுவோருக்கு ஆபத்து முற்றிலும் நீங்கிவிடவில்லை.

எனவே, பெற்ற கதிர்வீச்சின் இடத்தையும் அளவையும் குறித்த அட்டை ஒன்றை ஒவ்வொரு நோயாளியிடமும் மருத்துவமனைகள் வழங்கி, ரத்த அழுத்தம், கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய, ரத்தத்தில் உள்ள கழிவுப்பொருள்), சிறுநீர்ப் புரதம் ஆகிய எளிய பரிசோதனைகளைப் பல ஆண்டுகள் தொடரச் செய்ய வேண்டும். தொடக்கத்திலேயே கண்டறிந்தால், ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் ஏசிஇ தடுப்பான் வகை மாத்திரைகளால் சிறுநீரகச் சிதைவின் வேகத்தைக் குறைக்க வாய்ப்புண்டு.

இப்படிக்கு,
வாசகர், தஞ்சாவூர்