கிறிஸ்துமஸ் கால உதவி குறித்துச் சபையாருக்கு

கர்த்தருக்குள் அன்பான சபையாருக்கு ஸ்தோத்திரம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் எவரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன செந்தூர் விரைவு ரயிலின் பயணிகளுக்குப் புதுக்குடி கிராமத்தார் சோறு பொங்கிக் கொடுத்தார்கள். இரண்டு அங்கி உடையவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்கட்டும் என்ற யோவான் ஸ்நானகனின் சொல்லை ஆண்டுதோறும் பிரசங்கத்தில் கேட்கும் நாம், அந்த அன்புக்கு ஒருபடியும் குறைந்துவிடக் கூடாது என்பதே என் மனப்பூர்வமான விருப்பம்.

ஆகவே, இவ்வாண்டு வீடு வீடாகச் சென்று கிறிஸ்துமஸ் பாடல்கள் பாடும் கீத பவனியில், துணையின்றி வாழும் முதியோரின் வீடுகளுக்கே முதலில் செல்வோம். பாடி முடித்ததும் புறப்பட்டுவிடாமல், சற்று உட்கார்ந்து பேசி, மருந்துச் சீட்டைப் பார்த்து, தீர்ந்துபோன மாத்திரைகளை வாங்கிக் கொடுப்போம். டிசம்பர் 24 இரவு, அரசு மருத்துவமனையில் நோயாளிகளுக்குத் துணையாக வராந்தாவில் படுத்திருப்போருக்குப் போர்வையும் சூடான இட்லியும் கொண்டு செல்ல விரும்பும் இளைஞர்கள் வாலிபர் சங்கச் செயலரிடம் பெயர் கொடுக்கவும்.

துணி தருகிறவர்கள், உடுத்திக் கழித்ததைத் தராமல், தங்கள் பிள்ளைகளுக்கு எடுக்கும் தரத்திலேயே புதிதாக எடுத்துத் தரும்படி அன்போடு வேண்டுகிறேன். பெறுகிறவர்களின் பெயரையோ படத்தையோ இந்தக் குழுவில் தயவுசெய்து பகிர வேண்டாம். வலது கை செய்வதை இடது கை அறியாதிருக்கட்டும் என்பது ஆண்டவரின் கட்டளை. துணியும் அரிசியும் வரும் ஞாயிறு ஆராதனை முடிந்தவுடன் வெஸ்ட்ரியில் (ஆலயத்தை ஒட்டிய அறையில்) பெற்றுக்கொள்ளப்படும்.