கையெழுத்துப் போடும் முன்

அன்புள்ள பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. "பதினாறு வயதுப் பையன்மா. பெரியவங்க கோர்ட்டுக்கு அனுப்பலாமா வேண்டாமான்னு அரசு வழக்கறிஞரா நான்தான் முதல்ல எழுதித் தரணும்" என்றாய். வழக்கைப் பற்றி நீ வேறெதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. ஆனால் உன்னிடம் சொல்ல எனக்கு ஒன்று இருக்கிறது. போனில் சொன்னால் பாதியில் குரல் உடைந்துவிடும் என்பதால் எழுதுகிறேன்.

நான் வாரம் இரண்டு நாள் கணக்குச் சொல்லித்தரப் போகும் சிறையில், முதல் வரிசையில் ஒருவர் உட்காருவார். இப்போது வயது நாற்பத்தொன்று. உள்ளே வந்தபோது பதினாறு. நியூயார்க்கில் 2018 அக்டோபர் வரை பதினாறு வயதுப் பிள்ளை சட்டத்தின் கண்ணில் பெரியவன். அவரைப் பற்றி யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை, பிறந்த தேதியே முடிவு செய்துவிட்டது. அவர் செய்தது சின்னக் குற்றமில்லை. ஒரு உயிர் போனது. அந்தக் குடும்பத்தில் இன்றும் ஒரு நாற்காலி காலியாகத்தான் இருக்கும், அதை நான் ஒரு நாளும் மறப்பதில்லை. அவரும் மறக்கவில்லை. ஒரே ஒரு முறை, நான் கேட்காமலே, அதைப் பற்றிப் பேசினார். மறுபடி பேசவில்லை.

ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றவர். சேர்ந்த இரண்டாம் வாரம், "பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கும்போது ஏன் தலைகீழாக்கிப் பெருக்க வேண்டும்?" என்று கேட்டார். எப்படி என்று கேட்கவில்லை, ஏன் என்று கேட்டார். முப்பது வருடம் பள்ளியில் பாடம் நடத்தியிருக்கிறேன், அந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அடுத்த வகுப்புக்கு வந்தபோது, கேன்டீன் படிவத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் தானே அதை நிரூபித்து எடுத்து வந்திருந்தார். அன்று தலை எண்ணிக்கை சரியாக வராததால் வகுப்பு நாற்பது நிமிடம் தாமதம். அந்த நாற்பது நிமிடமும் அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார். அந்த மூளை ஒன்பதாம் வகுப்பிலும் அவரிடம்தானே இருந்தது, பாப்பா? அப்போது அதை யார் பார்த்தார்கள்?

இந்த வகுப்பே கிட்டத்தட்ட இல்லாமல் போயிருக்கும். 1994-இல் வந்த அமெரிக்கக் குற்றவியல் சட்டம், ஏழை மாணவர்களுக்கான பெல் உதவித்தொகையைக் கைதிகளுக்கு நிறுத்தியது. அவர்களுக்குப் போனது அந்தத் திட்டத்தின் மொத்தப் பணத்தில் ஒரு சதவீதம்கூட இல்லை. ஆனாலும் நிறுத்தினார்கள், சிறைக் கல்லூரிகள் வரிசையாக மூடின. 2023 ஜூலையில்தான் அது முழுமையாகத் திரும்பி வந்தது. அவர் தன் இருபதுகளையும் முப்பதுகளையும் அந்த இடைவெளியிலேயே கழித்தவர்.

ராண்ட் என்ற ஆய்வு நிறுவனத்தின் 2013 ஆய்வைப் பற்றி நீ என்னிடம் ஒருமுறை சந்தேகமாகக் கேட்டாய். சிறையில் படித்தவர்கள் மறுபடி சிறைக்குத் திரும்பி வருவது 43 சதவீதம் குறைவு என்று எல்லோரும் எழுதுவது, திரும்பி வருபவர்களுக்கும் வராதவர்களுக்கும் உள்ள விகிதத்தின் கணக்கு. எளிதாகப் புரிய வேண்டுமானால் 13 சதவீதப் புள்ளிகள் குறைவு என்று வைத்துக்கொள். நூறு பேரில் பதின்மூன்று பேர். படிப்புக்குப் போடும் ஒரு டாலர், அடுத்த மூன்று வருடச் சிறைச் செலவில் நான்கைந்து டாலரை மிச்சப்படுத்துகிறது. படிக்க வருபவர்கள் ஏற்கெனவே திருந்த நினைப்பவர்கள்தானே என்று நீ கேட்டது நியாயம்தான். ஆனால் திருந்த நினைப்பவருக்கு உட்கார ஒரு பெஞ்சு வேண்டாமா?

இதையெல்லாம் சொல்லிவிட்டு, என் வகுப்பு தாமதமாக வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். இருபத்தைந்து வருடம் தாமதம். 1970-களின் தொடக்கத்தில் இந்த நாட்டின் மாநில, மத்திய அரசுச் சிறைகளில் சுமார் 2 லட்சம் பேர் இருந்தார்கள். இன்று 12 லட்சத்துக்கு மேல், உள்ளூர் கவுன்டி ஜெயில்களில் இருப்பவர்கள் தனி. சின்ன வழக்குகளை விட்டுவிட்டால் இது சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. மாநிலச் சிறைகளில் இருப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வன்முறைக் குற்றங்களுக்காக இருப்பவர்கள். அவர்களைப் பற்றிப் பேசாமல் இந்த எண்ணிக்கை இறங்காது. அவர்களில் எத்தனையோ பேரின் கோப்பு, பதினாறு பதினேழு வயதில் யாரோ ஒருவர் மேஜைக்கு வந்த கோப்பு.

உன் ஃபுளோரிடாவில் 16, 17 வயதுப் பிள்ளையின் மேல் ஃபெலனி, அதாவது பெரிய குற்ற வழக்கென்றால், நீதிபதியைக் கேட்காமலே உங்கள் அலுவலகம் அதை நேரே பெரியவர்கள் கோர்ட்டுக்குக் கொண்டுபோகலாம். டெரன்ஸ் கிரஹாம் வழக்கை நீ படித்திருப்பாய். 2003-இல் ஜாக்சன்வில்லில் ஓர் உணவகத்தில் கொள்ளை முயற்சி, அவனுக்கு வயது 16, பெரியவனாக வழக்குப் போட்டது அரசு வழக்கறிஞரின் விருப்பம். முதலில் நன்னடத்தைக் கண்காணிப்பு, அதை மீறினான் என்று பிறகு பரோல் இல்லாத ஆயுள். கொலை செய்யாத பிள்ளைக்கு அந்தத் தண்டனை கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2010 ஆகிவிட்டது. நீங்கள் அதைத் தீர்ப்பாகப் படிப்பீர்கள். எனக்கு அது முதல் நாள் போட்ட ஒரு கையெழுத்தின் கதை.

கலீஃப் பிரவுடரை நினைத்தால் இன்னும் நெஞ்சு அடைக்கிறது. 2010-இல், 16 வயதில், ஒரு பையைத் திருடினான் என்று பிடித்தார்கள். ஜாமீனுக்கு 3,000 டாலர் கட்ட வீட்டில் வழியில்லை. நியூயார்க்கின் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் விசாரணையே இல்லாமல் மூன்று வருடம், அதில் பெரும்பகுதி தனிமைச் சிறை. வழக்கைத் தள்ளுபடி செய்து வெளியே விட்டார்கள். கல்லூரியில் சேர்ந்து படித்தான். 2015-இல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான், 22 வயது. வயது வரம்பை உயர்த்திய நியூயார்க் சட்டம் 2017-இல்தான் நிறைவேறியது, நடைமுறைக்கு வந்தது 2018-இல். அதற்குள் அவன் அம்மாவும் இறந்துவிட்டார்.

வேறு வழியே இல்லை என்று உன் மேலதிகாரிகள் சொன்னால் நம்பாதே. 2000-இல் இந்த நாட்டில் ஒரு நாளில் அடைபட்டிருந்த இளையோர் ஒரு லட்சத்துக்கு மேல். 2020-இல் சுமார் 25,000. அதே காலத்தில் இளையோர் கைதுகளும் குறைந்தனவே தவிர கூடவில்லை. மிசௌரி மாநிலம் தன் பெரிய சீர்திருத்தப் பள்ளியை 1983-இலேயே மூடிவிட்டு, வீட்டுக்குப் பக்கத்திலேயே சின்னச் சின்ன விடுதிகளில் பிள்ளைகளை வைத்துப் படிக்க வைக்கிறது.

பையனை விட்டுவிடு என்று நான் எழுதவில்லை. காயப்பட்டவர்களை முதலில் பார், அவர்களிடம் நேரில் பேசு. அதன் பிறகு, அவன் பள்ளிப் பதிவை வரவழை. எந்த வகுப்பில் நின்றான், எந்த மாதம் நின்றான், அன்று வீட்டில் என்ன நடந்தது, யாராவது தேடிப் போனார்களா என்று பார். சிறார் நீதிமன்றத்துக்குப் போனால் அவன் எங்கே, யாரிடம் படிப்பான் என்று கேட்டு வாங்கு. இவ்வளவும் மேஜையில் வந்த பிறகு கையெழுத்துப் போடு. எந்தப் பக்கம் போட்டாலும் நான் உன் அம்மாதான், அதைப் பற்றி யோசிக்காதே.

வியாழக்கிழமை எனக்கு வகுப்பு இருக்கிறது, இருபடிச் சமன்பாடு தொடங்குகிறேன். போனை வாசலிலேயே வாங்கிவிடுவார்கள். ஒன்பது மணிக்கு மேல் கூப்பிடு, விழித்திருப்பேன்.

அம்மா