திறந்து வைத்த பந்தலில் தண்ணீர் எங்கே?

சேலம் மாநகரிலும் ஏற்காடு அடிவாரத்திலும் கோடைதோறும் நீர்மோர்ப் பந்தல் திறந்து வைக்கும் கட்சி நிர்வாகிகள், ரசிகர் மன்றத்தினர், வியாபாரிகள் சங்கத்தினர், அறக்கட்டளையினர் அனைவருக்கும் வணக்கம்.

முதலில் நன்றி. முன்பின் தெரியாதவர் தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்கத் தோன்றுவதே பெரிய மனசுதான். ஆனால் திறப்பு விழா முடிந்த மறுநாளிலிருந்து என்ன நடக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அதனால் சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறோம். பந்தல் போட்டால், அதைப் பிரிக்கும் நாள் வரை பானையில் தண்ணீர் இருக்க வேண்டும். முடியாது என்றால் தயவுசெய்து போடாதீர்கள்.

போன வாரம் அஸ்தம்பட்டி பக்கம் ஒரு பந்தலில் பகல் இரண்டு மணிக்கு நடந்தது இது. கைக்குழந்தையோடு ஏற்காடு பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண் மூடியை நகர்த்தி, சங்கிலியில் கட்டிய டம்ளரை உள்ளே விட்டு மொண்டார். டம்ளர் பானையின் அடியில் உரசுகிற சத்தம்தான் வந்தது. விரல்கடை அளவு தண்ணீர், அதில் புழு நெளிந்தது. தலைக்கு மேலே பத்துக்கு எட்டு ஃபிளெக்ஸில் பதினோரு பேர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் புழு கொசுப்புழு. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை தேவையில்லை. இப்படி மூலையில் மறந்துபோன தண்ணீர் கொஞ்சம் போதும். இந்த வெயிலுக்கு முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள். வீடு வீடாக வந்து டிரம்மைத் திறந்து பார்க்கிறவர்கள் உங்கள் பானையைத் திறப்பதில்லை. தலைவர் படம் போட்ட பானையில் யார் கை வைப்பார்?

அதைவிட வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. இப்படிப்பட்ட இடங்களில் பெரும்பாலும் ஏற்கெனவே ஒரு பானை இருந்திருக்கும். டீக்கடைக்காரரோ, செருப்புத் தைப்பவரோ, ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்களோ வைத்தது. பெயரில்லை, பேனர் இல்லை, தினமும் தண்ணீர் மட்டும் இருக்கும். உங்கள் பந்தல் வந்ததும் “அதான் பெருசா வெச்சுட்டாங்களே” என்று அவர் தன் பானையைக் கவிழ்த்து உள்ளே வைத்துவிடுகிறார். உங்கள் பானை மூன்றாம் நாள் வற்றுகிறது. அவர் பானையும் வெளியே வருவதில்லை. ஆக, பந்தல் வந்ததால் அந்த இடத்தில் இருந்த தண்ணீரும் போனது. அதனால்தான் முடியாவிட்டால் போடாதீர்கள் என்கிறோம்.

முடியும் என்றால், எப்படி என்பதையும் சொல்கிறோம்.

பானைக்குப் பெயிண்ட் அடிக்காதீர்கள். கொடி நிறத்தில் மூன்று பட்டை போட்டால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மண்ணின் துளை வழியே கசிகிற நீர் ஆவியாகும்போதுதான் பானை குளிர்கிறது. பெயிண்ட் அந்தத் துளையை அடைத்துவிடும். சுற்றிலும் ஃபிளெக்ஸ் ஒட்டினாலும் அதே கதிதான். சேலத்து வெயில் காய்ந்த வெயில். கடலோரம் போலப் புழுங்காது. மண்பானை நன்றாக வேலை செய்கிற ஊர் இது. அந்த ஊரில் பானையை வாங்கி, அதன் மூக்கைப் பொத்தி, வெந்நீர் கொடுக்கிறோம்.

புதுப் பானையை இரண்டு நாள் நீர் நிரப்பி வைத்து, மண்வாசம் போக அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். உள்ளே தேங்காய் நாரால் மட்டும் தேய்க்கலாம். சோப்பு, பாத்திரம் விளக்கும் பவுடர் கூடாது. துளைக்குள் இறங்கிவிட்டால் போகவே போகாது. தினமும் காலையில் மிச்ச நீரைக் கவிழ்த்து, கழுவி, பிறகு நிரப்புங்கள். பழைய நீர் மேலேயே புது நீரை ஊற்றிக்கொண்டு போனால் உள்சுவரில் வழவழப்புப் பிடிக்கும். குளோரின் மாத்திரை போட்டாலும் அந்தப் பாசியே அதைத் தின்றுவிடும். மாத்திரையை அட்டையில் போட்டிருக்கிற அளவில் கேனிலோ டிரம்மிலோ போட்டு, அரைமணி நேரம் கழித்துப் பானைக்கு மாற்றுவதுதான் சரி. அடியில் ஈர மணல், மேலே நனைத்த சாக்கு. குழாய் வைத்த பானை என்றால் வாஷரை ராத்திரி ஒருமுறை பாருங்கள். சொட்டுச் சொட்டாகவே விடிவதற்குள் பானை காலியாகிவிடும்.

கூரைக்குத் தார்ப்பாயைவிடத் தென்னங்கீற்று நல்லது. வாசல் மேற்குப் பார்த்திருந்தால் பிற்பகல் வெயில் நேரே பானை மேல் விழும். பேனர் ரோட்டுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் பல பந்தல்கள் அப்படி நிற்கின்றன. அடிவாரத்தில் குரங்கு மூடி மேல் வைத்த கல்லையே தள்ளிவிடும். மூடியைக் கயிறு போட்டுக் கட்டுங்கள்.

கணக்கு எளிது. இருபத்தைந்து லிட்டர் பானை, இருநூறு மில்லி டம்ளரில் 125 பேருக்கு. மூன்று பானை வைத்தால் 375. பஸ் நிற்கிற இடத்தில் அது மத்தியானம் தாண்டாது. ஒன்பதுக்கு நிரப்பினால் பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் மறுபடி நிரப்ப வேண்டும். “பாட்டிலில் பிடிக்காதீர்” என்று தயவுசெய்து எழுதாதீர்கள். அரூருக்கோ ஆத்தூருக்கோ போகிறவருக்குப் பாட்டிலில்தான் தேவை.

மோர் வேண்டாம் என்று சொல்லவில்லை. பத்து லிட்டர் தயிருக்கு நாற்பது லிட்டர் நீர் ஊற்றி, இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம், உப்பு சேர்த்தால் சுமார் 250 டம்ளர். பத்து மணிக்குக் கரைத்தது மூன்று மணிக்குப் புளித்துவிடும். அதில் போடுகிற ஐஸ் எங்கிருந்து வருகிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். தின்னத் தகாத ஐஸுக்கு நீலச் சாயம் சேர்க்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-லேயே சொல்லிவிட்டது. சாயம் இல்லாததெல்லாம் குடிக்கத் தகுந்தது என்று ஆகிவிடாது. பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் 2019 ஜனவரி முதல் நம் மாநிலத்தில் தடையில் இருக்கிறது. நீளக் கைப்பிடி கரண்டியால் ஒருவர் மொண்டு ஊற்ற, வருகிறவர் அண்ணாந்து குடிக்கலாம்.

அந்த ஒருவர்தான் எல்லாமே. பக்கத்துக் கடைக்காரரிடமோ ஆட்டோ ஸ்டாண்டிலோ பேசி, தினக்கூலி கொடுத்து ஓர் ஆளை அமர்த்துங்கள். அவர் போன் நம்பரைப் பந்தலில் எழுதுங்கள். பதினோரு முகத்துக்கு இடம் இருக்கிற பேனரில் பத்து இலக்கத்துக்கு இடம் இல்லையா? ஃபிளெக்ஸுக்கும் சவுக்குக் கம்புக்கும் ஆகிற காசில் இருபது லிட்டர் கேன் எத்தனை வரும் என்று அச்சகத்துக்காரரையே கேட்டுப் பாருங்கள். பெரியபுராணத்தில் வருகிற, திங்களூரில் தண்ணீர்ப் பந்தல் வைத்த அப்பூதியடிகள், அதுவரை நேரில் பார்த்தேயிராத திருநாவுக்கரசரின் பெயரைத்தான் அதற்கு வைத்தார். இன்றைக்கு இருந்திருந்தால் அவரிடமும் போட்டோ கேட்டிருப்பார்கள்.

போட்டோ என்றதும் நினைவுக்கு வருகிறது. ரோட்டோரத்தில் படுத்திருக்கிற பெரியவர் கையில் தர்பூசணியைக் கொடுத்து, வீடியோ சரியாக விழவில்லை என்று வாங்கி, மறுபடி கொடுக்கிறார்களே, அது எந்தத் தருமத்தில் சேர்த்தி? மலைப்பாதையில் காரை நிறுத்திக் குரங்குக்குச் சிப்ஸ் போடுகிறவர்களும் கருணை என்றுதான் சொல்கிறார்கள். சரி, அது வேறு பேச்சு. கோபத்தில் சொல்லிவிட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வேண்டுகோள் ஒன்றே ஒன்றுதான். மே 4-ஆம் தேதி கத்திரி தொடங்குமுன், நீங்கள் திறந்து வைத்த ஒவ்வொரு பந்தலுக்கும் பகல் இரண்டு மணிக்கு, கூட்டம் சேர்க்காமல், சொல்லாமல் ஒருமுறை போய்ப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் குடித்துப் பாருங்கள். இல்லையென்றால் அன்றைக்கே ஆள் போடுங்கள், அல்லது பந்தலைப் பிரித்துவிடுங்கள். டீக்கடைக்காரர் தன் பானையை வெளியே எடுத்து வைப்பார். பிரிக்க ஆள் இல்லை என்றால் சொல்லுங்கள், கம்பையும் கீற்றையும் நாங்களே அவிழ்த்துக் கட்டி வைக்கிறோம். ஃபிளெக்ஸை மட்டும் நீங்கள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பானைக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் சிலர்,
சேலம்.