வேகநடைக்கும் இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உலக அணி வேகநடைப் போட்டி 1961 முதல் நடந்து வருகிறது. நம் விளையாட்டுப் பக்கங்களில் அதற்குக் கிடைப்பதோ மூலையில் இரண்டு வரி! 1998 காமன்வெல்த் போட்டியில், இதே கோலாலம்பூரில், 50 கிலோமீட்டர் நடந்து தங்கம் வென்ற ஜி. சரவணனை இவ்வளவு சீக்கிரம் மறக்கலாமா?

இடுப்பை அசைத்து நடப்பதைக் கண்டு சிரிப்பவர்கள் தித்திவங்சா ஏரியை அப்படி ஒரு சுற்று நடந்து பார்க்கட்டும். முன்வைத்த கால் தரையைத் தொட்டது முதல் உடலுக்கு நேர்கீழே வரும்வரை முழங்கால் மடங்கக் கூடாது. நடுவர்கள் அதைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனிப்பார்கள். அணிக்கு முதல் மூவர் பிடித்த இடங்களைக் கூட்டி, குறைந்த புள்ளி பெற்ற நாடே வெல்லும். மூன்றாமவர் தளர்ந்தால் அணியே சரியும்.

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் புரியும்படி இவ்விதிகளைப் படத்துடன் வெளியிடுங்கள். அணிகளின் புள்ளிப் பட்டியலையும் முழுமையாகத் தாருங்கள்.

வாசகர்,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்