பிரண்டை எந்த நாட்டின் கொடி?

மதிப்பிற்குரிய விக்கி நிர்வாகிகளுக்கு,

வணக்கம். சென்ற மாதம் ஓர் இரவில் நடந்த பகுப்பு இணைப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன் (பகுப்பு என்பது ஒரே வகைக் கட்டுரைகளைத் திரட்டிக் காட்டும் பக்கம்). எந்த இணைப்பு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ‘கொடிகள் (தாவரவியல்)’ என்ற பகுப்பை ‘கொடிகள்’ என்ற பகுப்போடு சேர்த்து, முன்னதை நீக்கிவிட்டீர்கள். மாற்றத்துக்குக் காரணம் எழுதும் தொகுப்புச் சுருக்கத்தில் ‘இரட்டைப் பகுப்பு’ என்று இரண்டே சொல்.

இரண்டாவது பகுப்பில் இருந்தவை நாட்டுக் கொடிகள். திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

இன்று அந்தப் பகுப்பில் ‘பி’ வரிசையைப் பாருங்கள்: பிரண்டை, பிரான்சின் கொடி, பிரேசிலின் கொடி. கீழே வந்தால் மெக்சிகோவுக்கு முன்னால் முல்லை. வெற்றிலைக்கு முன்னால் வெனிசுவேலா. நம் நெடுங்கணக்கின்படி றகரம் முன், னகரம் பின். கணினி எழுத்துகளுக்குத் தரும் ஒருங்குறி எண் வரிசை அதைத் திருப்பிப் போட்டிருக்கிறது. அந்தக் குறை உங்களுடையது அல்ல, அதை விடுகிறேன்.

என் கோரிக்கை ஒன்றுதான். ஒரு பகுப்பை இணைக்கும் முன், பெயர் மாற்றும் முன், நீக்கும் முன், அதில் உள்ள பக்கங்களின் பட்டியலை அதன் உரையாடல் பக்கத்தில் இட்டு ஏழு நாள் காத்திருங்கள்.

பட்டியல் எதற்கு என்று கேட்பீர்கள். முறையிட்டபோது உங்களில் ஒருவர் ஒரு மணி நேரத்துக்குள் பதில் எழுதினார்: ‘நீக்கிய பகுப்பை மீட்டுவிட்டேன், சரிபார்க்கவும்.’ ஓடிப்போய்ப் பார்த்தேன். பகுப்பு இருந்தது. உள்ளே ஒரு பக்கம்கூட இல்லை. எப்படி இருக்கும்? பகுப்புப் பக்கம் வெறும் கண்ணாடி. எந்தக் கட்டுரை எந்தப் பகுப்பைச் சேர்ந்தது என்பது அந்தக் கட்டுரையின் அடியில் உள்ள ஒரு வரியில்தான் இருக்கிறது. தானாகவே திருத்தும் உங்கள் நிரலான தானியங்கி 214 கட்டுரைகளுக்குள் நுழைந்து அந்த வரியை மாற்றிவிட்டது. கட்டுரை ஒவ்வொன்றுக்கும் வரலாறு உண்டு. நேற்றுவரை யார் யார் உள்ளே இருந்தார்கள் என்று சொல்லும் வரலாறு பகுப்புப் பக்கத்துக்குக் கிடையாது. 214 என்பதே நான் முன்பு குறித்து வைத்திருந்ததால் தெரிந்த கணக்கு. ஒரு திரைக்கு 200 பக்கங்கள்தான் காட்டும் என்பதால், பட்டியல் இரண்டாம் திரைக்குத் தாவிய பிறகு மகிழ்ச்சியில் எண்ணிப் பார்த்தேன்.

ஆகவே தானியங்கி செய்த மாற்றங்களின் பட்டியலைத் திறந்து ஒவ்வொரு வரியாக இறங்குகிறேன். அன்று இரவு அது வேறு பல பகுப்புகளையும் இணைத்திருக்கிறது. ஒன்றைத் திறந்தால் ஏதோ ஒரு நதி, அடுத்தது அரசியல் கட்சி, அதற்கடுத்தது பாகல். பாகலின் வரியைத் திருத்திச் சேமித்துவிட்டு மறுபடி இறங்க வேண்டும். முதல் நாள் ஒன்பது கொடிகள் கிடைத்தன. மறுநாள் வந்து பார்த்தால், மீட்ட பகுப்பின் தலையில் ஓர் அறிவிப்புத் தொங்குகிறது: ‘போதிய பக்கங்கள் இல்லாத பகுப்பு, நீக்கப் பரிந்துரை.’ காலி செய்தவர்களே காலியாக இருக்கிறது என்று குற்றம் சாட்டுவதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. அதற்கும் ஒரு பகுப்பு வைத்திருப்பீர்கள்.

பகுப்புகளைக் குறைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரே கட்டுரைக்குப் பத்தொன்பது பகுப்பு ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். துணைப்பகுப்பில் இருக்கும் பக்கத்தைத் தாய்ப் பகுப்பிலும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு பகுப்பு சுற்றி வளைத்துத் தனக்கே பாட்டியாகி நிற்பதையும் கண்டிருக்கிறேன். மென்பொருள் அதைத் தடுப்பதில்லை. அங்கெல்லாம் உங்கள் தானியங்கி போகக் காணோம். தென்னை மரமா என்ற விவாதத்துக்கு மட்டும் நாள்கணக்கில் நேரம் இருந்தது. வெளியே வைரம் (கெட்டியான பகுதி) உள்ளது புல், உள்ளே வைரம் உள்ளது மரம் என்று தொல்காப்பியம் பிரித்தது வரை இழுத்து வந்து, அங்கே பொறுமையாக வாதாடினீர்கள். நல்ல விவாதம், நானும் கலந்துகொண்டேன். அந்தப் பொறுமையில் பத்தில் ஒரு பங்கு என் கொடிகளுக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் வருத்தம்.

‘என்’ கொடிகள் என்று எழுதியது தவறு. விக்கியில் யாருக்கும் எதுவும் சொந்தமில்லை. ஆனால் பெயர் தெரிந்தவருக்குத் தேடுபெட்டி போதும். வேலியில் படர்ந்திருப்பது என்ன கொடி என்று தெரியாமல் வருகிறவருக்குப் பகுப்புதான் வழி. அவர் இப்போது வந்தால் நாட்டுக் கொடிகளுக்கு நடுவே நின்று விழிப்பார்.

அந்தப் பகுப்புப் பக்கம் என் கவனிப்புப் பட்டியலில் இருந்தது. இருந்தும் நீக்கிய பிறகே எனக்குத் தெரிந்தது. தானியங்கி செய்யும் திருத்தங்கள் ‘அண்மைய மாற்றங்கள்’ பட்டியலில் இயல்பாகவே மறைந்திருக்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள். அறிவித்திருந்தால் ‘இது வேறு கொடி’ என்று மூன்று சொல்லில் தடுத்திருப்பேன். அதனால்தான் மறுபடி கேட்கிறேன்: முதலில் பட்டியல், பிறகு ஏழு நாள், அதன் பிறகு தானியங்கி. கடுஞ்சொல் எங்காவது விழுந்திருந்தால் பொறுத்தருளுங்கள். ஊதியமில்லாமல் இரவில் உட்கார்ந்து துப்புரவு செய்கிறீர்கள் என்பதை மறக்கவில்லை. முடிந்தால் அந்த நீக்கல் அறிவிப்பையும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

இதுவரை மீட்டவை 61. பிரண்டையை இன்று காலை அழைத்து வந்துவிட்டேன். வெற்றிலை இன்னும் வெனிசுவேலாவோடுதான் இருக்கிறது.

இப்படிக்கு,
கொடிகளைத் தொகுத்துவந்த ஒரு பயனர்