ஜெர்மானிய நீள்வாள் இரும்புக் கட்டை அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் சிலம்பம் பற்றி வந்த அரைப்பக்கக் கட்டுரையை எங்கள் வீட்டில் எல்லோரும் படித்தோம், அம்மா அதைக் கத்தரித்துப் பீரோவில் வைத்திருக்கிறார். நல்ல கட்டுரைதான். ஆனால் நடுவில் ஒரு வரி வருகிறது. ஐரோப்பியர்களின் வாள் பத்துக் கிலோ இரும்புக் கட்டை, ஓங்கி அடிக்கப் பலம் இருந்தால் போதும், நுட்பம் என்று ஒன்றும் கிடையாது என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகிறது. அது தவறு. அந்த ஐரோப்பிய வாள்வித்தையைத்தான், குறிப்பாக ஜெர்மானிய நீள்வாள் முறையை, நானும் என் தம்பியும் இரண்டு வருடமாக ஒத்தக்கடையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பழகி வருகிறோம். தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் முக்கால் மணி நேரம். அதனால் அந்த வரியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் எடையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு கையாலும் பிடிக்கும் அந்த வாள் பெரும்பாலும் 1.2 கிலோவிலிருந்து 1.5 கிலோவுக்குள்தான் இருக்கும். எங்கள் வீட்டு இரும்புத் தோசைக்கல் அதைவிடக் கனம். நீளம் நாலு அடிக்குச் சற்று முன்பின். பிடியின் கடைசியில் இருக்கிற குமிழ் எதிர்எடையாக நிற்பதால் வாளின் பாரம் முனையில் இல்லாமல் கைப்பக்கமே தங்கும், மணிக்கட்டைத் திருப்பினால் முனை சட்டென்று திரும்பிவிடும். கட்டையைத் தூக்கி அடிக்கிறவனுக்கு இப்படி ஒரு அமைப்பே தேவைப்பட்டிருக்காது.

இந்த முறையின் முதல் ஆசான் என்று யோஹானஸ் லீக்டெனாவரைச் சொல்கிறார்கள். பதினான்காம் நூற்றாண்டுக்காரர். அவர் தன் வித்தையைப் பாட்டாகக் கட்டி வைத்தார், அதுவும் கண்டவனுக்கும் புரிந்துவிடக் கூடாது என்று மறைபொருளில். நம் சித்தர் பாடல்களின் பரிபாஷை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டை மட்டும் படித்தால் ஒன்றும் பிடிபடாது. பின்னால் வந்தவர்கள், ரிங்கெக் போன்றவர்கள், பாட்டின் ஒவ்வொரு அடிக்கும் உரை எழுதினார்கள். குறளுக்குப் பரிமேலழகர் உரை மாதிரி, மேலே பாட்டு, கீழே இந்த வரிக்கு இதுதான் பொருள், காலை இங்கே வை, கையை இப்படித் திருப்பு என்று விளக்கம். 1452-இல் எழுதி முடித்த ஒரு கையெழுத்துப் பிரதி ரோமில் ஒரு நூலகத்தில் இன்றைக்கும் இருக்கிறது. அதன் படங்களும் மொழிபெயர்ப்புகளும் இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. எங்களுக்கு வாத்தியார் அதுதான்.

நிலைகள் நான்கு என்று அந்தப் பாட்டு சொல்கிறது. முதல் இரண்டின் பெயரைப் பார்த்ததும் எனக்கு ஊர்க்காரர்கள் யாரோ எழுதியது போல இருந்தது, ஒன்று எருது, ஒன்று ஏர். எருது நிலையில் வாளைத் தலைக்குப் பக்கத்தில் கொம்பு மாதிரி நீட்டி, முனை எதிரியின் முகத்தைப் பார்க்கும். ஏர் நிலையில் பிடி இடுப்பருகே இருக்கும், கீழேயிருந்து முனை மேல் நோக்கும், மேழி பிடித்த கை மாதிரியே. மூன்றாவதன் பெயர் முட்டாள், முனையைத் தரையைப் பார்க்கத் தொங்கவிட்டு வா என்று அழைக்கிற நிலை. நாலாவதில் வாளைத் தோளுக்கு மேலோ தலைக்கு மேலோ தூக்கி நிற்க வேண்டும். வெட்டுகளில் முக்கியமானவை ஐந்து. அந்த ஐந்தில் நான்கு, இந்த நான்கு நிலைகளையும் ஒன்றுக்கு ஒன்றாக உடைக்க என்றே வைத்தவை.

நுட்பம் இல்லை என்று சொன்னவர்களுக்காக ஒரே ஒரு பாடத்தை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். கோப வெட்டு என்று அதற்குப் பெயர். எதிரே நிற்பவன் தன் வலது தோளிலிருந்து சாய்வாக வெட்டுகிறான். நான் பின்னால் போய்த் தடுக்கக் கூடாது, நானும் வலது காலை எடுத்து வைத்து அதே சாய்வில் அவன் தலையைப் பார்த்து வெட்ட வேண்டும். இரண்டு வாளும் நடுவில் முட்டி ஒட்டிக்கொள்ளும். வித்தை அங்கேதான் ஆரம்பம். ஒட்டிய அந்தக் கணத்தில் என் உள்ளங்கைக்கு ஒரு சேதி வரும், அவன் அழுத்துகிறானா, தளர்வாக இருக்கிறானா என்று. தளர்வாக இருந்தால் வாளை எடுக்காமலே முனையை நேராக முகத்துக்கு நீட்டிக் குத்த வேண்டும். அழுத்தினால் அவனோடு மல்லுக்கட்டக் கூடாது, என் வாளை அவன் வாள் முனைக்கு மேலே தூக்கி அந்தப் பக்கம் இறக்க வேண்டும், அவன் பலமே அவனை விலக்கிக்கொண்டு போய்விடும். இப்படித் தொட்டு அறிவதற்கு அவர்கள் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். வாளின் பிடிப்பக்கத்துப் பாதி வலுவானது, முனைப்பக்கத்துப் பாதி மெலிந்தது, எதில் எது முட்டியது என்பதை வைத்துத்தான் அடுத்த வேலை. முன், பின், அந்தக் கணமே என்று மூன்று சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள், அந்த மூன்றாவது சொல்லைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் பிடித்தது. பலம் இருந்தால் போதும் என்பவர் என் தம்பியை ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும். அவன் என்னைவிட இருபது கிலோ கனம், அழுத்த அழுத்த அடி வாங்குகிறவன் அவன்தான்.

அவன் இடக்கைக்காரன் வேறு. அதற்கும் பாட்டில் வழி இருக்கிறது. வலக்கைக்காரன் இடப்பக்கத்திலிருந்து வெட்டைத் தொடங்காதே, இடக்கைக்காரன் வலப்பக்கத்திலிருந்து தொடங்கினால் நொண்டுவான் என்று ஒரு வரி. ஆரம்பத்தில் படங்களைப் பார்த்து அப்படியே செய்து தடுமாறிக்கொண்டிருந்தவன், அந்த வரியைப் படித்த பிறகு எல்லாவற்றையும் கண்ணாடியில் தெரிவது போல மாற்றிச் செய்தான். சரியாக வந்துவிட்டது.

இரும்பு வாள் எங்களிடம் இல்லை. எங்கள் தெருத் தச்சர் அண்ணன்தான் மரவாள் செய்து கொடுத்தார். முதலில் செய்த தேக்கு வாள் இரண்டே வாரத்தில் பிளந்துவிட்டது, அப்புறம் அவரே யோசித்து, வண்டிச் சக்கரத்துக்கும் ஏர்க்கலப்பைக்கும் போடுகிற நாட்டுக் கருவேலத்தில் செய்தார். அது இன்னும் இருக்கிறது. முகத்துக்கு வாள்வீச்சுப் போட்டியாளர்கள் போடுகிற வலைமுகமூடி. கைக்கு ஆரம்பத்தில் ஒன்றும் போடாமல் இருந்தோம், அது பெரிய தப்பு. ஒருநாள் என் வெட்டு வழுக்கித் தம்பியின் கட்டைவிரலில் இறங்கி நகம் கறுத்து விழுந்துவிட்டது, அம்மா ஒரு மாதம் மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். இந்த வித்தையில் முதலில் அடிபடுவது கைதான், யாராவது பழக நினைத்தால் வாளுக்கு முன்னால் கனமான கையுறை வாங்குங்கள்.

வாள் என்று சொன்னாலே இங்கே ஒரு பயம் இருக்கிறது, அது எனக்குப் புரிகிறது. உங்கள் பத்திரிகையிலேயே வாரத்துக்கு இரண்டு முறையாவது பட்டாக்கத்தியோடு கைதானவர்கள் படம் வருகிறது. மரவாளை ஜமுக்காளத்தில் சுற்றி வண்டியில் எடுத்துப் போனபோது ஒரு வாகனச் சோதனையில் நிறுத்தி அரை மணி நேரம் விசாரித்தார்கள். அன்றிலிருந்து மாடியை விட்டு வெளியே கொண்டுபோவதில்லை. பவானி தேவி ஆடுவது இதுதானா என்று கேட்பவர்களும் உண்டு. இல்லை. 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் அவர் ஆடியது ஒற்றைக் கையில் பிடிக்கிற சேபர் என்ற வாள், இன்றைய விளையாட்டு. நான் சொல்வது துப்பாக்கியின் கை ஓங்குவதற்கு முந்தைய காலத்துப் போர்வாள்.

இதெல்லாம் கட்டுரையில் வந்த ஒரு வரிக்குப் பதில். ஆனால் நான் எழுத உட்கார்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு.

ஜெர்மனியில் இந்த வித்தை ஒரு காலத்தில் ஓகோ என்று இருந்தது. 1487-இல் பேரரசர் மூன்றாம் ஃப்ரெடெரிக் ஒரு வாள் ஆசான்கள் சங்கத்துக்கு உரிமைப் பட்டயமே கொடுத்தார், ஃப்ராங்க்ஃபர்ட் சந்தை கூடுகிற நாட்களில் அவர்கள் தேர்வு வைத்துத்தான் ஒருவரை ஆசான் என்று ஒப்புக்கொள்வார்கள். 1570-இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் யோக்கிம் மேயர் என்ற ஒரு கத்தி செய்கிற தொழிலாளி பெரிய புத்தகமாகப் படங்களோடு அச்சிட்டார். அப்புறம் துப்பாக்கியின் கை ஓங்கியது, மெல்லிய ஒற்றைக் கை வாள் மோஸ்தராகிவிட்டது, நீள்வாளைச் சொல்லிக் கொடுக்கிற வாத்தியார் பரம்பரையே அறுந்து போனது. இன்றைக்கு ஜெர்மனியில் நீள்வாள் பழகுகிறவர் எவருக்கும் இதைத் தலைமுறை தலைமுறையாகக் கற்ற ஆசான் கிடையாது. எல்லோரும் எங்களைப் போலத்தான், ஏட்டைப் பார்த்துப் பழகுகிறவர்கள். எழுதி வைத்ததால் பிழைத்தது.

நம் பக்கம் நேர்மாறு. பாளையக்காரர் போருக்குப் பிறகு ஆங்கிலேயர்கள் ஆயுதங்களைப் பறித்தார்கள், இருந்தும் கம்பு கைமாறிக் கைமாறி வந்துவிட்டது. மதுரையைச் சுற்றிக் கிராமத்துக்குக் கிராமம் வாத்தியார்கள் இருக்கிறார்கள். எழுதி வைத்ததுதான் குறைவு. நான் பத்தாம் வகுப்பு வரை மேலூர்ப் பக்கம் ஒரு வாத்தியாரிடம் சிலம்பம் படித்தேன். நெற்றி உயரக் கம்பு, செம்மண் தரை, மாலை ஆறு மணி. "பாப்பா, கம்பு சொல்றதைக் கேளு, கண்ணால தேடாத" என்பார், ஜெர்மானிய உரையில் தொட்டு அறியும் பகுதியைப் படித்தபோது அவர் குரல்தான் காதில் கேட்டது. 2019-இல் அவர் காலமாகிவிட்டார். போன பொங்கலுக்கு நானும் தம்பியும் அவர் சொல்லிக் கொடுத்த கால்வரிசை ஒன்றைப் போட்டுப் பார்த்தோம். நான்கு திருப்பம் வரைக்கும் இரண்டு பேருக்கும் ஒத்துப்போகிறது. ஐந்தாவதில் இடது கால் பின்னால் போகும் என்கிறான் அவன், வலது காலைக் குறுக்கே கடக்கும் என்கிறேன் நான். கேட்க ஆளில்லை. அவரிடம் நீண்ட நாள் இருந்த மூத்த மாணவர் வளைகுடாவில் வேலை செய்கிறார், வாட்ஸ்அப்பில் கேட்டேன், அவருக்கும் மறந்துவிட்டது.

ஐந்நூறு வருடத்துக்கு முன்னாலேயே செத்துப்போன ஒரு ஜெர்மானியர், குறுக்கு வெட்டு வெட்டும்போது கட்டைவிரல் வாளுக்கு அடியில் வர வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தருகிறார். சில வருடத்துக்கு முன்னால் போன என் வாத்தியாரின் இடது கால் எங்கே போனது என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு மாடியில் உட்கார்ந்து அழுதேன்.

அதனால் ஒரு வேண்டுகோள். ஞாயிறு இணைப்பில் வாரம் ஒரு சின்னப் பெட்டி ஒதுக்குங்கள். ஒரு வாத்தியார், அவர் கையில் இருக்கிற ஒரே ஒரு பாடம், கால் எங்கே, கை எங்கே, எதற்காக அந்த அடி என்று அவர் வாயால் சொல்கிறபடியே, நாலைந்து படத்தோடு. சிலம்பத்தின் பழம்பெருமை இத்தனை ஆயிரம் ஆண்டு என்று எழுதியாகிவிட்டது, அதைத் திரும்ப எழுத வேண்டியதில்லை. போய்க் கேட்டு எழுதிவர ஆள் இல்லை என்றால் நான் போகிறேன். மேலூர், கொட்டாம்பட்டி, அலங்காநல்லூர், உசிலம்பட்டி என்று எந்தப் பக்கமானாலும் ஞாயிற்றுக்கிழமை வண்டியில் போய்வந்துவிடலாம். தம்பி படம் எடுப்பான்.

மேலூர்ப் பக்கம் பழைய ஆட்கள் யாராவது இந்தக் கடிதத்தைப் படித்தால், மூன்று சுற்று சுற்றி உட்கார்ந்து எழுகிற அந்தக் கால்வரிசையில் ஐந்தாவது திருப்பத்தில் இடது கால் எங்கே போகிறது என்று தயவுசெய்து ஆசிரியருக்கு ஒரு அஞ்சலட்டை போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஒத்தக்கடை, மதுரை.